மலையும் கடலும் காவல் நின்ற கலவுபாபா



புனித தமியானின் பெயரை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே அரிது. தொழுநோயாளரிடையே பணிபுரிந்து, தாமும் அந்நோயுற்று மரித்த பெல்ஜிய நாட்டுக் குருவானவர் என்ற அளவில் அவரது வரலாற்றை மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். ஆயினும் அவர் வாழ்ந்த இடம் எத்தகையது என்று எவரேனும் வினவினால், மொலக்காய்த் தீவு என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறோம். தீவு என்றதும் தென்னஞ்சோலையும் வெண்மணலும் உள்ளத்தில் எழுகின்றன. தமியான் வாழ்ந்ததோ அத்தீவின் வடகரையில், செங்குத்தான மலைச்சுவரின் அடிவாரத்திலிருந்து கடலுக்குள் நீண்டுகிடக்கும் ஒரு சிறு தீபகற்பத்தில். அந்த நிலத்தை அறியாமல் அவருடைய வாழ்வைப் பாதிகூட அறிய இயலாது என்பது நம் எண்ணம். ஆகவே இத்திங்கள் பிள்ளைகளின் நிலப்படப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொண்டு இப்பகுதியைப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவுக்கூட்டம் தென்கிழக்கிலிருந்து வடமேற்காக வரிசையிட்டுக் கிடப்பதைக் காண்பீர்கள். அவற்றுள் மொலக்காய் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமும், வடக்கு தெற்காக 16 கிலோமீட்டர் அகலமும் உடையது. படத்தில் அது ஒரு மீனைப்போல் தோன்றும். அம்மீனின் முதுகில் சிறு துடுப்பு ஒன்று மேல்நோக்கி நிற்கிறதல்லவா? அதுதான் கலவுபாபா. தட்டையான நிலம் என்பது அப்பெயரின் பொருள். சிறிய படங்களில் துடுப்பே தெரியாமலும் போகலாம். ஏனெனில் அது கடலுக்குள் நீளும் தொலைவு நான்கு கிலோமீட்டர் அளவுதான்.

இத்துடுப்பு மீனோடு பிறந்ததன்று. மொலக்காயின் கிழக்குப் பாதி ஒரு பெரும் எரிமலை. சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அவ்வெரிமலையின் வடபகுதி அப்படியே பிளந்து கடலுக்குள் சரிந்து வீழ்ந்தது. அன்று சரிந்த பாறைகள் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் கடலடியில் சிதறிக்கிடப்பதை நிலநூல் வல்லுநர் கண்டறிந்திருக்கின்றனர். அப்பத்தைப் பிட்டது போல் எஞ்சிநின்ற மலையின் பக்கமே இன்றைய வடகரை. கலவுபாபாவின் பின்புறம் அது சுமார் 500 முதல் 600 மீட்டர் உயரத்துக்குச் சுவராக எழுகிறது. கிழக்கே செல்லச்செல்ல இன்னும் உயர்ந்து ஓரிடத்தில் ஆயிரம் மீட்டரையும் தொடுகிறது. உலகிலுள்ள கடலோரச் செங்குத்துப் பாறைகளுள் மிக உயர்ந்தவற்றில் அவையும் அடங்கும். மலை சரிந்து நெடுங்காலம் சென்றபின், இன்றைக்குச் சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, அச்சுவரின் அடியில் கடலிலிருந்து ஒரு சிறு எரிமலை தலைதூக்கியது. அது கக்கிய குழம்பு நாற்புறமும் பரவி, உறைந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டது. தீபகற்பம் அவ்வாறு தோன்றியதே. அதன் நடுவிலுள்ள கவுஹகோ என்னும் எரிமலை வாயில் இன்றும் ஒரு குட்டை உண்டு. பரப்போ ஓர் ஏக்கருக்கும் குறைவு. ஆழமோ 240 மீட்டருக்கும் அதிகம். இத்துணைச் சிறிய நீர்ப்பரப்பிற்கு இத்துணை ஆழம் உலகில் வேறெங்கும் இல்லை என்பர். ஆனால் அது உப்புக் கலந்த நீர். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்தான் இந்நிலத்தின் கதையில் பெரும் பங்கு பெறுகிறது.

தென்புறம் மலைச்சுவர், ஏனைய மூன்று புறமும் கடல். அக்கடலிலும் துறைமுகம் இல்லை. பாறைக்கரையில் அலைகள் மோதுவதால், கப்பல் தொலைவிலேயே நிற்கும். துடுப்புப் படகில்தான் மனிதரும் மூட்டைகளும் கரைசேர வேண்டும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பேரலைகள் வரும்போது படகும் இறங்காது. அத்துடன், சிறிய நிலமேயாயினும் அதன் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பூகோளப் புத்தகங்கள் வியாபாரக் காற்று என்று குறிப்பிடும் வடகிழக்குக் காற்று ஆண்டின் பெரும்பகுதி அங்கு வீசுகிறது. கீழ்க்கரையிலுள்ள கலவாவோ அதனை நேரே மார்பில் ஏற்கிறது. மழையும் குளிரும் மிகுதி. மலையின் நிழல் விழுவதால் மாலை வெகு சீக்கிரம் வந்துவிடும். மேற்கரையோ காற்றுக்கு மறைவானது. வெயிலும் உண்டு, படகு இறங்க ஓரளவு வசதியும் உண்டு. தீபகற்பம் முழுவதற்கும் கலவுபாபா என்ற பெயரே. மேற்கரையிலுள்ள ஊருக்கும் அதே பெயர். கலவாவோ என்பது கீழ்க்கரை ஊர். இரண்டும் செவிக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால் சற்றுக் கவனம் வேண்டும்.

அந்நிலம் ஆளற்றதாய் இருந்ததா? இல்லை. தொழுநோயாளர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஹவாய் மக்கள் அங்கு குடியிருந்தனர். காற்றைத் தடுக்கக் கல்லை அடுக்கித் தாழ்ந்த வரப்புகள் எழுப்பி, அவற்றின் மறைவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிட்டனர். மலையிடுக்குகளிலுள்ள பள்ளத்தாக்குகளில் ஓடைநீரைத் தேக்கிச் சேம்பு வளர்த்தனர். 1849-ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் பொன்வேட்டை நடந்தபோது, இங்கு விளைந்த கிழங்கு கப்பலேறி அங்குச் சென்று விலைபோயிற்று. மலையில் ஏற ஒரு தடமும், கடலைத் தாண்டப் படகும், உழைக்க உடல்வலிமையும் உடையவர்களுக்கு அது வளமான ஊர். உடல்வலிமை என்ற அந்தக் கடைசிச் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

வெளிநாட்டுக் கப்பல்களோடு வந்த நோய்கள் ஹவாய் மக்களை 19-ஆம் நூற்றாண்டில் கூட்டங்கூட்டமாக மாய்த்தன. தொழுநோயும் பரவவே, 1865 ஜனவரி 3-ஆம் நாள் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா அந்நோயாளரைப் பிரித்து வைக்கும் சட்டத்திற்குக் கையொப்பமிட்டார். (அதே நாளில் ஹவாய்ப் பெருந்தீவில் பணியாற்றிய ஓர் இளம் குருவுக்கு 25 வயது நிறைவுற்றது. அவர்தாம் நம் தமியான். அச்சட்டம் தம் வாழ்வையும் எழுதிவிட்டதென்று அன்று அவர் எவ்வாறு அறிவார்?) பிரித்து வைக்க இடம் தேடிய அதிகாரிகள் நிலப்படத்தைப் பார்த்தனர். மலையும் கடலும் காவல் நிற்கும் ஓர் இடம் கண்ணில் பட்டது. மதில் எழுப்ப வேண்டியதில்லை, காவலர் மிகுதியாய் வேண்டியதில்லை. கீழ்க்கரை மக்களின் நிலங்களையும் வீடுகளையும் அரசு விலைக்கு வாங்கியது. நல்ல மண், நல்ல ஓடை. நோயாளரில் வலுவுள்ளோர் பயிரிட்டு வலுவற்றோரைக் காப்பாற்றுவர் என்று கணக்கிட்டது. 1866 ஜனவரி 6-ஆம் நாள் ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களுமாகப் பன்னிருவர் முதன்முதலாகக் கரையில் இறக்கப்பட்டனர். அன்று மூவரசர் திருநாள்.

நிலப்படத்தைக் கொண்டு போட்ட கணக்கு நிலத்தில் பொய்த்தது. விரல் மரத்து, பாதம் புண்ணானவர் மண்வெட்டியைப் பிடிப்பது எங்ஙனம்? சேம்பு வயல்கள் பாழாயின. கிழக்கேயுள்ள பள்ளத்தாக்குகளிலிருந்து சேம்பைப் படகில் கொண்டுவர வேண்டியதாயிற்று. கடல் கொந்தளித்தால் அதுவும் வராது. ஆடுமாடுகளை மலைத்தடத்தில் ஓட்டி இறக்கினர். ஓடைகளோ பள்ளத்தாக்கின் உள்ளே. கலவாவோவில் குடிசைபோட்டுக் கிடந்தவர்கள் குடத்தைச் சுமந்துகொண்டு கரடுமுரடான வழியில் நடந்து நீர் கொண்டுவர வேண்டும். நடக்க மாட்டாதவர் பிறர் தயவில் இருந்தனர். குளிக்கவும் புண் கழுவவும் நீரின்றிப்போனதால் நோயின் கொடுமை இரட்டித்தது. நோய்க்குக் கொடுத்த தண்டனையைவிட அந்நிலம் நோயாளிக்குக் கொடுத்த தண்டனை பெரிது. ஆயினும் நிலத்தின்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அங்கு இறக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் ஹவாய்ப் பழங்குடியினர். கணவனை மனைவியிடமிருந்தும், குழந்தையைத் தாயிடமிருந்தும் பிரித்துக் கொணர்ந்தவர்கள். நோயற்ற கணவனோ மனைவியோ துணையாகச் செல்ல இசைந்தபோது சிலருக்கு அனுமதி கிடைத்தது. அத்துணையாளரை அம்மக்கள் தம் மொழியில் ‘கோகுவா’ என்றழைத்தனர். தமியானை நாம் போற்றும்போது பெயர் தெரியாத இவர்களையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அவருக்கு முன்பே அவர்கள் அங்கு இருந்தனர்.

1873 மே 10-ஆம் நாள் தமியான் அங்கு வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 33. நோயாளர் அறுநூறு பேருக்கு மேல் இருந்தனர். புனித பிலோமினாவின் பெயரால் ஒரு சிறு மரக்கோவில் மட்டும் முந்திய ஆண்டில் எழும்பியிருந்தது. குருவானவர் தங்க இல்லம் இல்லை. தொடக்க நாட்களில் ஒரு தாழை மரத்தடியில் அவர் உறங்கினார். அதே 1873-ஆம் ஆண்டில்தான் வெகு தொலைவில், நார்வே நாட்டில், ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும் அக்கிருமியைக் கொல்லும் மருந்து வர இன்னும் 70 ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது.

தமியானை மருத்துவர் என்றும் மறைச்சாட்சி என்றும் ஓவியங்கள் காட்டுகின்றன. அவர் முதலில் செய்த பெரும்பணி குழாய் பதித்தது என்பதை எந்த ஓவியமும் காட்டியதாக நாம் காணவில்லை. அவர் வந்த கோடையிலேயே தண்ணீர்க் குழாய்கள் கப்பலில் வந்திறங்கின. உடலில் வலுவிருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அவற்றைப் பதிக்க முனைந்தார். நீர் வற்றாத ஊற்று எங்கே உள்ளதென்று விசாரித்து, சிறுவர் சிலருடன் வைஹனாவு என்ற பள்ளத்தாக்கின் கோடிவரை ஏறிச்சென்றார். மலையின் மடியில் வட்டமான இயற்கைச் சுனை ஒன்று இருந்தது. குளிர்ந்த நன்னீர். கரையிலிருந்து சில கஜ தூரத்திலேயே 18 அடி ஆழம் காட்டியது. கோடையிலும் அது வற்றுவதில்லை என்று அங்குள்ளோர் கூறினர். மலைச்சுவர் தன்னிடம் அகப்பட்டோருக்கென அந்நீரை நெடுங்காலமாகத் தேக்கி வைத்திருந்ததுபோலும். குழாய்வழி நீர் ஊருக்குள் வந்தபின், குளித்தலும் துவைத்தலும் மீண்டும் மனித வாழ்வின் பகுதியாயின.

அடுத்துக் காற்று. வழக்கத்துக்கு மாறாகத் தெற்கிலிருந்து சூறை வீசும் காலமும் அங்கு உண்டு. அத்தகைய புயலொன்று உளுத்துப்போன குடிசைகளுள் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது. நோயாளர் ஈரப் போர்வையோடு வெட்டவெளியில் கிடந்தனர். அதன்பிறகே அரசு மரச்சட்டங்களை அனுப்பியது. தமியான் தச்சுக்கருவியைக் கையிலெடுத்துத் தரையினின்று உயர்த்திய மரவீடுகளைக் கட்டினார். கோவிலையும் பெரிதாக்கினார். நோய் முற்றியவர்களுக்கு அடிக்கடி உமிழ வேண்டியிருக்கும். அந்த வெட்கத்தால் அவர்கள் திருப்பலிக்கு வராமல் வெளியே நின்றனர். ஆகவே கோவில் தரைப்பலகைகளில் சதுரத் துளைகள் இட்டார். இலையைச் சுருட்டித் துளையில் வைத்து அதன்வழி உமிழ்ந்துகொள்ளலாம். அத்துளைகள் அக்கோவிலில் இன்றும் காணப்படுகின்றன.

மலைச்சுவரும் அவருக்கு ஏணியாயிற்று. மேலேயுள்ள மொலக்காயின் நோயற்ற கிறிஸ்தவர்களுக்கும் குருவானவர் தேவைப்பட்டார். அச்செங்குத்துத் தடத்தில் ஏறிச்சென்று தென்கரையில் கலுவாஹாவில் 1874-லும், கமலோவில் 1876-லும் கோவில்கள் கட்டினார். ஏறுவதற்கு இசைவு எப்போதும் இருந்ததன்று. வந்த ஆண்டிலேயே, உள்ளே சென்றவர் வெளியேறலாகாது என்ற விதியைச் சிறிது காலம் அவர்மேலும் சுமத்தினர். அந்நாட்களில் அவருடைய சபைத் தலைவர் வந்த கப்பல் கடலில் நின்றது. தலைவர் கரையிறங்கக் கூடாது. தமியான் கப்பலில் ஏறக் கூடாது. பாவசங்கீர்த்தனம் செய்ய வேறு குரு அவருக்கு அங்கில்லை. துடுப்புப் படகில் சென்று கப்பலின் அடியில் நின்று, மேல்தட்டிலிருந்த தலைவரை நோக்கி உரத்த குரலில், பிரெஞ்சு மொழியில், தம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவமன்னிப்புப் பெற்றார். இந்நிகழ்ச்சியைப் பலமுறை பலரும் எடுத்துரைத்துள்ளனர். மலையும் கடலும் சட்டமும் சேர்ந்து ஒரு மனிதனை எவ்வளவு தனிமைப்படுத்தும் என்பதை அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் நமக்குக் கிடைக்கவில்லை.

தமியான் 1889 ஏப்ரல் 15, பரிசுத்த வாரத் திங்களன்று, தம் 49-ஆம் வயதில் கலவாவோவில் இறந்தார். அவரது இறுதி மாதங்களில், 1888 நவம்பரில், அருட்சகோதரி மரியான் கோப் தம் கன்னியருடன் வந்து சேர்ந்தார். அவர் தங்கியது வெயிலுள்ள மேற்கரையில். பெண்களுக்கும் சிறுமியருக்குமான இல்லத்தை ஏற்று நடத்தியதோடு, வெறுங்கட்டாந்தரையாய்க் கிடந்த அவ்விடத்தில் மரங்களும் பூச்செடிகளும் நட்டார். தம்முடன் வரும் சகோதரிகள் எவருக்கும் நோய் தொற்றாது என்று அவர் கூறியிருந்தார். அவ்வாறே எவருக்கும் தொற்றவில்லை. 1918-இல் அவர் இறந்தார். குளிரும் நிழலும் நிறைந்த கீழ்க்கரையிலிருந்து குடியிருப்பு சிறிது சிறிதாக மேற்கே நகர்ந்து, 1930-களில் முழுவதும் அங்கு சேர்ந்தது. இதனால் ஒரு துயரமும் விளைந்தது. நோயற்ற பழங்குடி மக்கள் மேற்கரையில் எஞ்சியிருந்தனர் அல்லவா? அவர்களுள் கடைசியானவர்களையும் 1895-இல் அரசு வெளியேற்றிவிட்டது. பாட்டன் பூட்டன் அடுக்கிய கல்வரப்புகள் மட்டும் நின்றன. நோயுற்றவர்களை உள்ளே தள்ளிய சட்டம் நோயற்றவர்களை வெளியே தள்ளிற்று. இப்பகுதி வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்து செல்வது நமக்கு முறையாகத் தோன்றவில்லை.

1946-இல் சல்ஃபோன் மருந்து கலவுபாபாவை அடைந்தது. நோய் அடங்கத் தொடங்கியது. கட்டாயப் பிரிவினைச் சட்டமோ 1969-இல்தான் நீங்கியது. அதுவரை, 103 ஆண்டுகளில், ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டிருந்தனர். அங்குப் பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து உடனே பிரித்து வெளியே அனுப்பினர். சட்டத்திற்கு மருந்தைவிட வேகம் குறைவு என்று சொல்லலாமேயன்றி வேறென்ன சொல்வது!

இங்கே நம் நாட்டுச் செய்தி ஒன்றைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. தமியானின் தாய்நாடான பெல்ஜியத்திலிருந்து ஹெமரிக்ஸ் என்ற மருத்துவர் 1955-இல் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள போளம்பாக்கத்திற்கு வந்தார். கிளேர் வெல்லூட் என்ற பெண் மருத்துவரும் அப்பணியில் சேர்ந்தார். அவர்கள் நோயாளரை ஓரிடத்தில் அடைத்து வைக்கவில்லை. குறித்த நாளில் சாலையோர மரத்தடிக்கு மருத்துவர்களே சென்றனர். சுற்றூர் நோயாளர் நடந்துவந்து மாத்திரை பெற்றுக்கொண்டு தம் வீட்டுக்கே திரும்பினர். மனைவி மக்களோடு உண்டு, தம் வயலில் உழைத்துக்கொண்டே குணமடைந்தனர். அவர்கள் அவ்வாறு குணமடைந்த ஆண்டுகளில் கலவுபாபாவின் கதவு இன்னும் சட்டப்படி மூடியே இருந்தது.

கதவு திறந்தபின் கலவுபாபா மக்கள் என்ன செய்தனர்? பலர் அங்கேயே தங்கிவிட்டனர். முகத்திலும் கைகளிலும் நோயின் வடுக்களோடு வெளியுலகின் பார்வையைச் சந்திக்க மனமில்லாமை ஒரு காரணம். கணவனும் மனைவியும் நண்பர்களும் அங்குதான் அடக்கமாகியிருந்தனர் என்பது மற்றொன்று. அன்று சிறையாய் நின்ற மலைச்சுவர் முதுமையில் அவர்களுக்கு வீட்டுச் சுவராயிற்று. 1980-இல் அமெரிக்க அரசு அவ்விடத்தைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தபோது, அங்கு வாழும் நோயாளர் விரும்பும் வரை அங்கேயே இருக்கலாம் என்று உறுதியளித்தது. கடந்த ஆண்டுகளில் அவர்கள் ஒரு சிலராகக் குறைந்துவிட்டனர்.

தீபகற்பமும் பின்னுள்ள மலையிடுக்குகளும் சேர்ந்து கலவாவோ கவுண்டி எனப்படுகின்றன. நிலப்பரப்பில் அமெரிக்க நாட்டின் கவுண்டிகளுள் இதுவே மிகச் சிறியது. சுமார் 31 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஊழியர்களையும் சேர்த்து, 82 பேர் இருந்தனர். மலைமேலிருந்து 26 வளைவுகளுடன் ஒரு நடைதடம் இறங்குகிறது. சிறு விமானத்தளமும் 1909-இல் கட்டிய 138 அடி உயரக் கலங்கரை விளக்கும் உண்டு. பார்வையாளருக்கு அனுமதி பெற வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர் நுழைவதில்லை. தமியானின் உடலை 1936-இல் பெல்ஜியத்திற்கு எடுத்துச் சென்றனர். 1995-இல் அவர் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டபோது வலது கையை மட்டும் திருப்பியளித்து, கலவாவோ கோவிலருகே, அவருடைய பழைய கல்லறையிலேயே வைத்தனர். புனிதர் பட்டம் தமியானுக்கு 2009-லும், மரியான் கோப்புக்கு 2012-லும் அளிக்கப்பட்டது. அங்கு இறந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பான்மையோருக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

மேலேயுள்ள ஊர்களுக்குச் செல்ல இன்றும் வண்டிப்பாதை கிடையாது. ஆண்டில் ஒருமுறை, கோடையில் வடகடல் அடங்கியிருக்கும்போது, ஒரு சரக்குத் தெப்பம் மேற்கரைத் துறைக்கு வருகிறது. எரிபொருள், கட்டடப் பொருள், வண்டி, வீட்டுச் சாமான் என்று ஓராண்டுக்கு வேண்டிய கனத்த பொருள்களெல்லாம் அதில்தான் வந்திறங்க வேண்டும். தெப்பம் வரும் நாளில் ஊரார் துறைக்கு வந்து கூடுகின்றனர்.